சாம்புவுக்கு ஞாயிறுவரை தவணை

சிடாம் கிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வசந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், மெல்பர்னில் நீயும் மருமகள் சாந்தினியும் என் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். பேரன் நீச்சலில் கோப்பை வாங்கின படத்தைப் பார்க்காத ஆள் இந்தத் தாமான் வீடுகளில் இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால் தாளில் எழுதிப் பக்கத்துவீட்டு லோகேஸ்வரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நீ என்னிடம் விட்டுப்போன நாய் சாம்புவால் பெரிய சங்கடம் வந்துவிட்டது. கன்றுக்குட்டி உயரம் இருக்கிறானே தவிர, பூனை சீறினால் என் சேலைக்குப் பின்னால் வந்து நிற்கிறவன். வெள்ளிக்கிழமை கோயில் ரதம் நம் தெருவுக்கு வந்தது, தட்டோடு வாசலில் நின்றேன். வீட்டு ஆளுக்கெல்லாம் பூசாரி திருநீறு பூசும்போது இவனை மட்டும் பின்னால் கட்டிப்போட மனசு வரவில்லை, சங்கிலியை அவிழ்த்துக் கூட்டிவந்தேன். என் புத்திதான் கெட்டது. உறுமி மேளம் கிட்டே வந்து அடித்ததும் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி, எதிர்வீட்டுக் குணவதியின் முதுகில் போய் மொத்தக் கனத்தையும் சாய்த்தான். அவள் தட்டு ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், கையுறை பேக்டரியில் வேலை செய்கிற கை. அவள் புருஷன் காளிதாசன் நம் கேட்டில் வந்து நின்று, "என்னா பெரியம்மா, நாய் வளக்கிறீங்களா, குதிர வளக்கிறீங்களா? ஞாயித்துக்கெழமக்குள்ள அனுப்பிடுங்க, இல்லாட்டி கவுன்சில்ல சொல்லி ஏத்திடுவேன்லா" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டான். நாய் பிடிக்கிற கவுன்சில் லாரியில் ஏறினது திரும்பி வராது என்று அவனுக்கும் தெரியும். இவனோ ஒன்றும் தெரியாமல் என் காலில் தலையை வைத்துப் படுத்திருக்கிறான். குணவதிக்கு மீன் சூப் கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று தவணை நாள், காலையிலேயே குணவதியும் காளிதாசனும் வந்தார்கள். சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குணவதி "நல்லா புடிச்சிக்குங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுக் கிட்டே வந்தாள். சாம்பு மெதுவாகப் போய் அவள் இடுப்பில் தலையைச் சாய்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "அன்னிக்கு உதறலோட வந்து ஒட்டிக்கிச்சுங்க. என்னைத் தள்ள வரல, என் பின்னால ஒளிய வந்துச்சு" என்றாள். காளிதாசன் என் கையிலிருந்த சங்கிலியை இழுத்துப் பார்த்தான். கடைசியில், "சரி, கவுன்சிலுக்குப் போகல. சங்கிலி இல்லாம வெளிய பாத்தேன், அப்புறம் பேச்சே கெடையாது" என்று சொல்லிப் போனான்.

அவள் கை கூடும்வரை அந்த வீட்டுச் சமையல் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக வாழ வேண்டும், பேரனுக்குக் குளிரில் தலையை மூடிவிடு. நாய் உன்னுடையது வசந்தா, மன்னிப்பை நான் கேட்டால் போதாது. முதலில் குணவதியைக் கூப்பிட்டுப் பேசு, பிறகு என்னோடு பேசலாம்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
பிச்சையம்மாள்