கோமளத்தின் குறும்புகள்

வடக்கு மாடவீதி, மயிலாப்பூர்
18-1-1934

என் தெய்வமான உங்களுக்குச் சுலோச்சனா அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

வயிற்று ஆபரேஷன் காயம் ஆறி, நீங்கள் மறுபடி ஆபீசுக்குப் போவதாக உங்கள் சிநேகிதர் ஸ்ரீரங்கன் ரங்கூனிலிருந்து எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

சூடாமணியின் பள்ளிக்கூடத்தில் புது ஏற்பாடு ஒன்று. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தாய்மார்கள் வகுப்புக்குப் போய்க் குழந்தைகளோடு உட்கார வேண்டும். பாடத்துக்காக இல்லை. குழந்தைக்கு எதில் பயம், எதில் துக்கம், யாரோடு சண்டை என்று வீடும் பள்ளியும் சேர்ந்து தெரிந்துகொள்ளவாம். போன வெள்ளிக்கிழமை நானும் போனேன்.

அவள் வாத்தியார் ஜெசிந்தா டீச்சர், சாந்தோம்காரி. என்னைக் கண்டதும், சின்னவளைக் கூட்டி வரவில்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். தினமும் காலையில் ஒவ்வொரு குழந்தையும் வீட்டுச் சமாசாரம் ஒன்று சொல்ல வேண்டுமாம். சூடாமணி தன் தங்கை கோமளத்தின் குறும்பைத்தான் சொல்வாளாம். நேற்றுக் கோலத்தை மிதித்தாள், இன்று என் சிலேட்டை ஒளித்துவைத்தாள் என்று. அதைக் கேட்க வகுப்பே காத்திருக்குமாம்.



நம் கோமு போய் மூன்று மாதம் ஆகிறது. ஐப்பசி நாலாம் தேதி, ஐந்தே நாள் ஜுரம். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். அதிர்ச்சியாக எதுவும் தெரிவிக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதாக ஸ்ரீரங்கன் எழுதியிருந்தார். அதன் பிறகு நான் போட்ட ஏழு கடிதங்களிலும் அவள் ஓடினாள், பாடினாள், உங்களைக் கேட்டாள். எல்லாம் என் பொய். எழுதும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறாளோ என்று திரும்பிப் பார்ப்பேன். வீட்டில் மட்டும் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாதென்று வைத்திருந்தேன்.

டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சூடாமணியை வராந்தாவுக்கு அழைத்து, அதட்டாமல் கேட்டாள். குழந்தை, "அம்மா அப்பாவுக்கு எழுதறாளே, கோமு நன்னா இருக்கான்னு. சொல்லிண்டே இருந்தா இருப்பான்னு நினைச்சேன்" என்றாள்.

டீச்சர் அவளை என் பக்கம் அனுப்பினாள். பிறகு, "இதை நான் சொல்லித் தர முடியாதும்மா. நீங்கதான் சொல்லணும்" என்றாள். அங்கேயே பெஞ்சியில் சூடாமணியை மடியில் போட்டுக்கொண்டு, கோமு செத்துப்போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று வாய்விட்டுச் சொன்னேன். மூன்று மாதமாக அழாத பெண் அன்றுதான் அழுதாள். நானும் அழுதேன். டீச்சர் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நின்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சூடாமணி கேட்டாள்: "அப்போ ரங்கூன்ல, அப்பாகிட்ட மட்டும் கோமு இன்னும் இருக்காளா?"

அதற்காகத்தான் இந்தக் கடிதம். தபால் கப்பல் அங்கே வந்து சேரும் வரைக்கும் இருப்பாள்.

என்னை மன்னிக்காவிட்டாலும் போகிறது. சூடாமணிக்குத் தனியாக நாலு வரி எழுதுங்கள். அதில் தங்கையின் பேர் இருக்கட்டும். உடம்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கற்பகாம்பாள் உங்களுக்குத் துணை இருப்பாள்.

தங்கள் பாதம் பணியும்,
சுலோச்சனா