நாலாம் பெட்டி சத்தம் போடாத பதினொரு நாள்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனதைப் பற்றிக் கேட்காதே. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பெரிய கம்பெனிகள் வாய்க்கு வந்த விலை சொன்ன, விரிசல் அளக்கும் கருவியை நீ சோப்பு டப்பா அளவில், ஒரு ஜோடி செருப்பு விலையில் செய்து அனுப்பினாய். ஆறு பெட்டிகளையும் என் பொறுப்பில் இருக்கும் பாலத்துக்கு அடியில் ஒட்டிவிட்டு ஆபீஸ் முழுக்க உன் பெருமைதான் பேசினேன். நாலாம் பெட்டி இருக்கும் உத்தரத்தில் விரிசல் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் என் போன் கத்தும், காலை ஏழு மணி பள்ளி பஸ்ஸுக்குக் கத்தும், இரவு லாரிகளுக்கும் கத்தும். உன் மாமா காண்டிராக்ட் எடுத்து அந்த விரிசலை அடைத்துக் கொடுத்த பிறகு சத்தமே இல்லை. தம்பி வேலை சுத்தம் என்று நம்பி, வீட்டுக்குக் கூப்பிட்டு வயிறாரச் சோறு போட்டு, பாலம் நலம் என்று அறிக்கையில் கையெழுத்தும் போட்டேன். இருபத்திரண்டு வருஷ மேற்பார்வையில் நான் போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது.

நேற்று அடியில் வேலை செய்த பெயிண்டர் வந்து, அக்கா, அடைச்ச விரிசலுக்குள்ள என் நகமே போகுது என்றார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன், அடைத்த இடம் வாய் பிளந்து கிடக்கிறது. பெட்டி ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறது, போன்தான் ஊமை. பதிவைத் திறந்தால், போன் கத்த வேண்டிய அளவு அரை என்பது ஒன்றரை ஆகியிருக்கிறது, மாற்றியவர் என்ற இடத்தில் உன் பெயர். மாமாவைக் கேட்டேன். அக்கா, நீ போன் சத்தத்துல தூங்காம கஷ்டப்படுறேன்னு புள்ளகிட்ட சொன்னேன், உடனே மாத்திக் கொடுத்துச்சு, இதுல என்ன தப்பு என்கிறான். அவன் வேலையின் லட்சணத்தை மறைக்க என் தூக்கத்தைச் சொல்லியிருக்கிறான், அது உனக்குப் புரியாமல் போயிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே உனக்கு. அவன் செய்ததை நினைத்தால் கோபம் வருகிறது, நீ செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. பதினொரு நாளும் அந்தப் பள்ளி பஸ் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எனக்குக் கையாட்டிக்கொண்டே போனார்கள், நானும் ஆட்டினேன்.

இன்று காலை பாலத்தை மூடிவிட்டேன். சுற்றிப் போக வேண்டியவர்கள் என்னை வாயார வைதுவிட்டுப் போகிறார்கள், வையட்டும். என் கையெழுத்து தப்பு என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதில் மாமா பெயரும் உண்டு, உன் பெயரும் உண்டு. உன் பெயரை அடித்துவிடலாமா என்று தோன்றியது, அடிக்கவில்லை.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் விளங்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. மன்னிப்பு கேட்டு நீளமாக எழுதாதே. பழைய அளவை முதலில் திரும்பப் போடு. நீ பெட்டி கொடுத்த வேறு ஊர்ப் பாலங்களில் வேறு யாருடைய தூக்கத்துக்காகவாவது மாற்றியிருந்தால் அதையும் இன்றே சரிசெய்.

இப்படிக்கு,
பதினொரு நாள் நிம்மதியாகத் தூங்கிய உன் அம்மா