விழுந்த இடம்

என் அருமை மாப்ளே பொன்னா,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வரவில்லை. நல்லா இருக்க வேண்டியவன்தான். நீயாகத்தானே கெடுத்துக்கொண்டாய்? நான் சொல்லச் சொல்ல உன் மகள் செல்விதான் இதை எழுதுகிறாள். உன்னைத் திட்டுகிற இடம் வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். "எழுது கண்ணு, உங்கொப்பனுக்குக் கேக்கட்டும்" என்றேன்.

போன வாரம் ஒரு பொண்ணு வந்தாள். கல்லைப் பற்றிப் படித்தவள். மலையடிவாரம் காரவள்ளியில் ஏறின பஸ் வளைவு வளைவாகச் சுற்றியதில் துவண்டுபோய் இறங்கினாள். எலுமிச்சம்பழம் கொடுத்து உட்கார வைத்தேன். புளியஞ்சோலைப் பக்கம் நடந்தே ஏறியிருந்தால் வாந்தி வந்திருக்காது, காலுதான் போயிருக்கும். நாம் இரண்டு பேரும் அந்த வழியில் பலாப்பழம் சுமந்து இறங்கினோமே, பாதியில் உட்கார்ந்து ஒரு பழத்தை நீயே தின்று தீர்த்துவிட்டு, "சுமை குறைஞ்சிருச்சு மச்சான்" என்றாயே! சரி, அது கிடக்கட்டும்.

தெளிந்ததும் அவள் கேட்டாள்: "ஐயா, இந்தப் பக்கம் விழுந்த இடம்னு எதையாச்சும் சொல்வீங்களா?"

நீ போனதிலிருந்து ஊரில் அந்தப் பேரில் ஒரே இடம்தான் இருக்கிறது. ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகளிடம்கூட "விழுந்த இடத்துப் பக்கம் போகாதீங்க சாமி" என்றுதான் சொல்கிறோம். நேராக அந்தப் பாறை விளிம்புக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

"இங்கதானுங்க. கறுப்புக் கல்லு உடைக்கப் போயி வழுக்கிட்டான்."

அவள் முகம் மாறிவிட்டது. "நான் வானத்துலயிருந்து கல்லு விழுந்ததைக் கேட்டேங்க ஐயா."

"வானத்துலயிருந்து எது விழுந்தா எனக்கென்னங்க? எந்தங்கச்சி புருசன் விழுந்தானுங்க!"

கத்திவிட்டேன். அவளை அல்ல, உன்னைத்தான். நீ விழுகிறதுக்கு முன்னால் கல்லைத் தேடி வந்த அந்த வெளியூர் ஆட்களையும்தான். பாறையில் கறுப்பு நரம்பு மாதிரி ஓடுகிற அந்தக் கல்லைத் தடவித் தடவிப் பார்த்து, "நல்ல துண்டா உடைச்சு வைங்க, திரும்பி வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீயும் மழை ஈரம் காயுமுன்னே தனியாகப் போனாய். என்னைக் கூப்பிட உனக்கு வாய் இல்லையா? சொன்னபடி அவர்கள் வந்தார்கள். நீ இல்லை என்றோம். "அடடா" என்றார்கள். அடுத்த மூச்சில், "வேற யாராச்சும் உடைப்பாங்களா?" என்று கேட்டார்கள். உன் பேரைக்கூடக் கேட்கவில்லை, பொன்னா.

இந்தப் பொண்ணு கேட்டாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். மனுஷன் பிறக்கிறதுக்கு எவ்வளவோ முன்னால் மலையத்தனை பெரிய கல் ஒன்று வானத்திலிருந்து வந்து மோதி, பாறை உருகி, சட்டென்று ஆறிக் கண்ணாடியாகியிருக்கலாமாம். அப்படி ஒரு பேச்சு இருக்கிறதாம், இன்னும் தீரவில்லையாம். பூமிக்குள்ளே பாறையும் பாறையும் உரசின சூட்டிலும் இதே மாதிரி கறுப்பு நரம்பு ஓடுமாம். கண்ணாடிக்கும் வயசாகிக் கடைசியில் கல்லாகிவிடுமாம். என் கோபத்துக்கு அந்த வயசு இன்னும் வரவில்லை. தொட்டால் அறுக்கிறது.

அப்போ நீ எதற்காகச் செத்தாய்? வானத்துக் கல்லுக்கா, வெறும் உரசலுக்கா?

இந்த இடத்தில் செல்வி பேனாவை நிறுத்தவில்லை.

"கொஞ்சம் உடைச்சாப் போதுங்க, அறுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்று சுத்தியலோடு அந்தப் பொண்ணு விளிம்புக்குக் குனிந்தாள். முதுகுப் பையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்துவிட்டோம். "இங்க உடைக்க வேண்டாங்க" என்று சுத்தியலை வாங்கிக்கொண்டேன்.

வேறு துண்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன்னைத் தூக்கினபோது உன் மூடின கைக்குள் இருந்தது. தங்கச்சி வெள்ளையம்மா அதை விளக்கு மாடத்தில் வைத்து, என்னைக்கூடத் தொட விட்டதில்லை. ஊட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். என் தங்கச்சி கல்லை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"இதை அறுத்தா, அந்த எடத்துக்கு மறுபடி யாரும் போவ வேண்டியதில்லையே?"

"போவ வேண்டியதில்லைங்க அம்மா. ஈருள்ளி வெங்காயத் தோலாட்டம் ஒரு சீவல் போதும். வெளிச்சத்துல வச்சுப் பாப்போம். உள்ளே வெங்கச்சங்கல்னு சொல்ற வெள்ளைக்கல்லு மணியில அடிபட்ட கோடு இருந்தா வானத்து அடிதான்."

"அப்பக் கொண்டு போங்க. மிச்சம் எனக்குத் திரும்பி வரோணும். அது அவரு கையி."

கொடுத்துவிட்டாள், மாப்ளே. மாடம் இப்போது காலியாக இருக்கிறது.

வானத்துக் கல் என்று பதில் வந்தாலும் உன்னை மன்னிப்பேன் என்று நினைக்காதே. விழுந்த இடத்து வழியில் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டேன். இனி ஒருத்தரையும் விடமாட்டேன். பதில் வந்தால் உன்னிடம் சொல்லக்கூட அங்கே வரமாட்டேன். நம் ஊட்டு வாசலில் நின்று கத்துவேன். கேட்டுக்கொள்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
சடையன்