பள்ளிமுனையில் எங்கள் கடை இருக்கிறது

கொழும்பு, 2018

அன்புள்ள அன்ரோனெற்,

எங்கள் கடையே இல்லை என்று கார்ட் கம்பனி எழுதியது அநியாயம். ஐந்து வருடமாகப் பள்ளிமுனையில் நீ திறந்து வைத்திருக்கும் கருவாட்டுக் கடை அது. உன் முழங்கால் நோவு எப்படி? நான் சுகம்.

நேற்று அவர்களின் கந்தோருக்குப் போனேன். மழையில் படி வழுக்கி விழுந்தேன்; கையில் கொண்டுபோன கார்ட் மெஷினுக்கு ஒன்றுமில்லை. எந்த வங்கியோடும் இணையக்கூடிய மெஷின் அது. அவர்களின் சேவையோடு இணைய நானே அமைத்திருந்தேன்; அவர்கள் அனுமதிப்பதுதான் பாக்கி. மேசையில் வைத்து இயக்கிக் காட்டினேன்.

"ஐயா, இதை எங்க படிச்சனீங்கள்?" என்றாள் அங்கிருந்த பிள்ளை.

"மண்டபம் அகதி முகாமில ரேடியோ திருத்தினனான். இதுவும் கதைக்கிற பெட்டிதானே, பிள்ளை!"

சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்தாள். வியாபாரப் பதிவில் முருங்கன் விலாசம்.

"எங்கட ஆள் முருங்கனில தேடினவர், கடை இல்லை."

"படைக்காரர் எங்கட காணியை விடும்வரைக்கும் அங்க கொட்டில் போட்டு யாவாரம் செய்தனாங்கள். ஊருக்குத் திரும்பினது குற்றமோ?"

கோப்பில் குறித்துக்கொண்டாள். வெள்ளிக்குள் விலாசம் உறுதியானால் கோயில் திருநாளுக்கு முன் மெஷின் வேலை செய்யுமாம். போன திருநாளுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த சனம் கார்ட்டை நீட்டிவிட்டு, கருவாட்டை வைத்துவிட்டுப் போனதை நான் மறக்கவில்லை.

கடிதம் கொண்டுவரும் மன்னார் பஸ் சாரதி ஹோர்ன் அடிக்கிறார். கிராம சேவகர் விதானையிடம் உறுதிக் கடிதம் வாங்க வேண்டியது நீ. பெயர்ப்பலகை தெரியக் கடையைப் படமெடுக்க வேண்டியது மருமகள் ஜெசிக்கா. படத்தில் நீயும் நில். ஒரு பிரதி எனக்கு வேண்டும். விலாசத்தை மாற்ற வேண்டியது கம்பனி. மாற்றும்வரை அந்தக் கந்தோர்க் கதிரையில் இருக்க வேண்டியது நான்.

சிங்கராசா