சாவி எடுத்த பின்னும் எரிந்த சிவப்பு விளக்கு

சிஸ்டர்,

துவைக்க எடுத்த என் சட்டைப் பையிலிருந்து ஒரு அலுமினியத் தகட்டை எடுத்து என் முன்னால் போட்டாள் அம்மா. "ஏன் சாமி, இது இன்னும் என்னத்துக்கு? தூக்கிப் போடு." பிறை வடிவத் தகடு, அதில் கருகிப்போன ஒரு டயோடு. முகர்ந்து பார்த்தேன். கருகல் வாசம் இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் உங்கள் கையின் மருந்து வாசமும் வருகிறது என்றால் அம்மா நம்பமாட்டாள்.

உங்கள் அப்பா விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் காரில்தான் எங்கள் மலைக்கு நர்சாக வந்தீர்கள். இரண்டே சீட்டு. தரையை நக்கிக்கொண்டு போகும் உயரம். "பேருதான் விளையாட்டுக் கார். ஆனா அதுதான் நம்மகிட்ட விளையாடுது" என்று நான் சொன்னதற்குச் சிரித்தது நீங்கள் மட்டும்தான். ஒருநாள் பக்கத்துச் சீட்டில் ஆட்டுக்குட்டியை உட்காரவைத்து பெல்ட்டையும் மாட்டிவிட்டேன். கதவைத் திறந்த நீங்கள் அசரவில்லை. "சொல்லுங்க, இருமல் எத்தனை நாளா?" என்று அதனிடம் கேட்டீர்கள். என் குறும்பை யாரும் அவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை.

வளைவுகளில் ஏறும்போது முகப்பு விளக்கு மங்குகிறது என்றீர்கள். நான் அப்போதுதான் ஐடிஐயில் சேர்ந்திருந்தேன். கையில் புது மீட்டர், வாயில் பழைய குறும்பு. இன்ஜின் ஓடாதபோது பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ஓடும்போது பதினான்கு வரவேண்டும், பன்னிரண்டைத் தாண்டவில்லை. இன்ஜின் பெல்ட்டை விரலால் அமுக்கினால் ஊஞ்சல் மாதிரி ஆடியது. "சார்ஜே ஏறலீங்க சிஸ்டர், பெல்ட் வழுக்குது" என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம்.

பெல்ட்டை இறுக்க முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினோம். அங்கே டிராக்டர் பார்க்கும் அண்ணன் பெல்ட்டை இறுக்கிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினார். "வண்டி நிக்கலீல்ல? அப்ப டைனமோ நல்லாருக்குதுங்க." பழைய டிராக்டருக்கெல்லாம் அப்படித்தான் பார்ப்பார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற உங்கள் காரில் இருந்தது டைனமோ இல்லை, உள்ளே டயோடுகள் வைத்த ஆல்டர்னேட்டர். அதற்கு அந்த வைத்தியம் ஆகாது என்று நாம் மூவரும் அறியவில்லை. லேசாக ஒரு கருகல் வாசம் வந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து சாவியை எடுத்த பின்னும் டேஷ்போர்டில் சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. பழுத்த மிளகு அளவு வெளிச்சம். நீங்கள் டேஷ்போர்டை இரண்டு தட்டு தட்டி, "போதும் கண்ணு, தூங்கு" என்பீர்கள். அணைந்துவிடும். எங்கேயோ இணைப்பு லூஸ், தட்டினால் விலகுகிறது என்று நான் விளக்கம் சொன்னேன். "உனக்கு இணைப்பு, எனக்குக் கண்ணு" என்றீர்கள்.

பிறகு காய்ச்சலில் கீழே போனீர்கள். திரும்பவில்லை, சாவுச் சேதிதான் ஏறி வந்தது.

உங்கள் அண்ணன் வந்து புது பேட்டரி போட்டுப் பார்த்தார். சாவி போடாமலே எரிந்த விளக்கைப் பார்த்துப் பயந்து, சாவியை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். கார் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது. மஞ்சு மூட்டம் இறங்கினால் கார் மறைந்துவிடும், அந்தச் சிவப்பு மட்டும் தெரியும். யாரோ பானெட் மேல் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தேவனூர்ப் பக்கத்துக் கர்ப்பிணி ஒருத்தி வலியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏனுங்க, சிஸ்டர் வண்டிலயே உக்காந்திருக்காங்க. தாண்டிப் போகமாட்டேன்" என்று திரும்பிப் போனாள். வீட்டிலேயே பெற்றாள். இருவரும் பிழைத்தது அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் என் அம்மா அன்றைக்கு என் காதைப் பிடித்தாள். "உன் சேட்டதான இது?"

"சத்தியமா நானில்லம்மா."

"ஆட்டுக்குட்டிக்கும் இதயேதான் சொன்ன."

"அதுக்குப் பொய் சத்தியம். இது நெசச் சத்தியம்."

"எதா இருந்தாலும் போய் அணைச்சுட்டு வா. அடுத்தவளும் திரும்பிப் போனா என்னாகும்?"

எனக்கு அணைக்க மனமில்லை, சிஸ்டர். காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. மின்சாரத்தை ஒரே பக்கம் விடவேண்டிய டயோடு ஓட்டையாகி, பேட்டரி மின்சாரம் பின்வழியாக விளக்குக்குப் போகிறது. தெரிந்தும், அது அணைந்தால் நீங்கள் நிஜமாகவே போய்விடுவீர்கள் போலிருந்தது.

மஞ்சுக்குள் போய் பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கழற்றிய வயர்களில் மீட்டரை வைத்தேன். சுழியம். இடம் மாற்றி வைத்தேன். சுழியம். டேஷ்போர்டில் அதே மிளகுச் சிவப்பு. ஓட்டுநர் சீட்டின் ரெக்சின், ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற மாதிரி அமுங்கியிருந்தது. பழைய சீட்டு, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கதவைத் திறந்து, கையை மட்டும் உள்ளே நீட்டி, இரண்டு தட்டு தட்டினேன்.

"போதும் சிஸ்டர், தூங்குங்க."

அணைந்தது.

மறுநாள் வெளிச்சத்தில் ஆல்டர்னேட்டரைப் பிரித்தேன். கழற்றிப் பையில் வைத்துக்கொண்ட பிறைத் தகட்டில் ஒரு டயோடு கருகியிருந்தது. எல்லாவற்றுக்கும் அது காரணம் சொன்னது, பேட்டரியைக் கழற்றிய பின்னான அந்த ஒரு நிமிடத்தைத் தவிர. அடுத்த வாரம் அதே தேவனூர்க்காரி குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தாள். காரைத் தாண்டும்போது நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

இதை யாரிடமும் சொல்ல வழியில்லை. நான் சொன்னால் இன்னொரு குறும்பு என்பார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை. உங்களுக்கு எழுதுகிறேன். நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்து அப்போது அங்கே இருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

துவைத்துக் காய்ந்த சட்டைப் பையிலேயே தகட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.