மல்லாந்து படுத்தால் தெரியாது

மார்ச் 4, காலை 7.10.
பார்த்த டாக்டர்கள் நான்கு. எடுத்த ஸ்கேன் மூன்று. கண்டுபிடித்தது பூஜ்யம்.

ஷூ கட்டக் குனிந்தேன். இடது கண் முட்டிக்கொண்டு வெளியே வந்தது. நிமிர்ந்து கண்ணாடிக்குப் போவதற்குள் உள்ளே போய்விட்டது. விருந்தாளியை எட்டிப் பார்த்துவிட்டு ஓடும் குழந்தை மாதிரி.

நேற்றுதான் நாலாவது ஆள். கண் டாக்டர், பெரிய பெயர். "எப்பல்லாம் வருது?" என்று கேட்டார். உடனே அம்மா, "குனிஞ்சா வருதுங்க, தும்மினா வருது, கோவப்பட்டு கத்தினா..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு. சார், படத்தப் பாருங்க. எல்லாம் அதுல இருக்கும்."

பார்த்தார். "எல்லாம் நார்மல்" என்றார். நார்மலான கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். ஒரு பல்பு மாற்ற நான் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

மார்ச் 6
பாய்லர் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்வது என் வேலை. என்னோடு வேலை பார்க்கும் ஆமாஞ்சாமி (எதைச் சொன்னாலும் 'ஆமா' என்பான்) ஓர் அறிக்கை நீட்டினான். கசிவு இல்லையாம். எவ்வளவு அழுத்தத்தில் பார்த்தாய் என்றேன். "சும்மா தண்ணி ரொப்பிப் பார்த்தேன்."

"அழுத்தம் ஏத்தாம பார்த்தா ஓட்டைக் குழாய்கூட உத்தமமாத்தான்டா தெரியும்!" கத்திய கத்தலில் கண் முட்டியது.

"ஆமா" என்றான்.

இவனையெல்லாம் யார் இன்ஜினியர் ஆக்கியது?

மார்ச் 9
அக்கா: "ராத்திரி பகலா போனையே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு வெளிய வராம என்னடா பண்ணும்?" இதை வீடியோ காலில் சொன்னாள்.

மார்ச் 17
இன்று விளையாட்டு இல்லை.

வால்வுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவதுபோல் வலி. எழுந்தால் இடது பக்கம் சாம்பல் நிறம். அளவுமானியின் முள் தெரியவில்லை. எண்கள் தெரியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது.

பயந்துட்டியாடா? இல்ல. ஆமா. பயந்துட்டேன், போதுமா?

சாயங்காலம் கண் டாக்டரிடம் ஓடினேன். இந்தத் தடவை சொட்டு மருந்து தரவில்லை. "ரத்தக்குழாய் சமாசாரமா இருக்கலாம். உள்ள கசிஞ்சு வீங்கிச்சுன்னா பார்வைக்கே ஆபத்து" என்று சொல்லி ஊசி டாக்டரிடம் அனுப்பினார். ரத்தக்குழாய்க்குள் ஊசி விட்டு வைத்தியம் செய்கிற லேடி டாக்டர். நாலாவது ஆள் ஐந்தாவது ஆளைக் காட்டுகிறார். ரிலே ஓட்டம். குச்சி நான்.

மார்ச் 20
ஊசி டாக்டர் என் படங்களைப் பார்க்கவில்லை. கோப்பைத் தொடக்கூட இல்லை. மேசையிலிருந்து பேனாவைத் தட்டிவிட்டார்.

"தம்பி, அத கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

இதற்கா இத்தனை நேரம் காத்திருந்தேன்? குனிந்து எடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அவரும் குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சு பாருங்க! ஸ்கேன் எடுத்தப்ப எப்படிப் படுத்தீங்க?"

"மல்லாந்து."

"மூணு தடவையுமா? மல்லாந்து படுத்தா ரத்தம் வடிஞ்சு, கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற ரத்தப் பை காலியா கிடக்கும். அழுத்தம் இல்லாம பார்த்தா எப்படிங்க தெரியும்? குனிஞ்சா வருதுன்னு யாருமே டாக்டர்கிட்ட சொல்லலியா?"

அந்த அழுத்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. கேட்கவில்லை, கத்தியிருக்கிறேன்.

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

மார்ச் 21
கவிழ்ந்து படுத்து, மூச்சைப் பிடித்து, முக்கினேன். படத்தில் கண்ணுக்குப் பின்னால் ஒரு திராட்சைக் கொத்து. பிறக்கும்போதே தாறுமாறாகப் பின்னிக்கொண்ட ரத்தக்குழாய்களாம். இத்தனை வருஷமும் என் மண்டைக்குள் வாடகையில்லாமல் குடியிருந்திருக்கிறது.

வைத்தியம்: ஊசி டாக்டர் கொத்துக்குள் பசையைச் செலுத்தி இறுக வைப்பார். அதே ஆபரேஷன் மேசையில் கண் டாக்டர் அதை முழுசாக எடுப்பார். பசை வழிதப்பி வேறு குழாய்க்குப் போனால் பார்வை போகலாம். எதுவும் செய்யாமல் விட்டாலும் போகலாம்.

"நூத்துக்கு எத்தனை பேருக்குப் போகும்?" என்று ஊசி டாக்டரிடம் கேட்டேன்.

"ரொம்பக் கொஞ்சம்தான். நம்பர் வேணும்னா சொல்றேன். ஆனா உங்களுக்கு நூறு கண்ணா இருக்கு?"

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். காற்றோட்டம் சரியில்லாத கட்டிடம்.

மார்ச் 25
'நான் அப்பவே சொன்னேன்' என்று அம்மா இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதைப் பாத்திரம் கழுவும் சத்தத்தில் செய்கிறாள்.

ஏப்ரல் 2
நாளை ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் வந்து, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, நீ சொல்லு" என்றேன்.

சொன்னாள். நான் குழந்தையாக அழுதபோது கண் புடைத்ததிலிருந்து தொடங்கினாள். குனிந்தால், தும்மினால், கத்தினால், மாடிப்படியில் பெட்டி தூக்கினால். தேதி மட்டும்தான் இல்லை. மற்றபடி நான் எழுதும் எந்தச் சோதனை அறிக்கையையும்விட முழுசாக இருந்தது. அந்த டாக்டர் முழுவதையும் எழுதிக்கொண்டார். நான் குறுக்கே பேசவில்லை. சுலபமாக இல்லை.

ஏப்ரல் 5
கட்டு. வலி. எழுத முடியவில்லை.

ஏப்ரல் 13
கட்டு எடுத்தார்கள். இடது கண்ணை மட்டும் திறந்து சுவரில் உள்ள எழுத்துகளைப் படித்தேன். கடைசி வரிக்கு முந்தின வரி வரை வந்துவிட்டேன். இரண்டு கண்ணையும் திறந்தால்தான் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. தசை வீக்கமாம், சில வாரத்தில் சரியாகிவிடுமாம். எடுத்த கொத்தைப் போட்டோவில் காட்டினார்கள். இதற்கா இத்தனை அமர்க்களம்? சுண்டு விரல் நுனி அளவு.

இனி செய்ய வேண்டியவை:

1. ஆமாஞ்சாமியிடம் மன்னிப்புக் கேட்பது. 'ஆமா' என்றுதான் சொல்வான். பரவாயில்லை.

2. அக்காவுக்குப் போன் செய்வது. வீடியோ இல்லாமல்.

3. இரட்டைப் பார்வை சரியாகும்வரை வீட்டில் இரண்டு அம்மாக்கள். இருவரும் "குனியாதடா" என்றுதான் சொல்கிறார்கள். பேசி முடிக்கும்வரை கேட்பது.

4. அவர்கள் இருவரும் சமையலறைக்குப் போனதும், மெல்லக் குனிந்து ஷூ கட்டிப் பார்ப்பது.