உறைக்குள் ஒரு ஃபியூஸ்

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் வரும், சாப்பாட்டு மேஜையைக் கண்டால் போய்விடும். நீயும் மருமகளும் நன்றாக இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டுக்கொண்டாலும் எழுத்தில் ஒரு தடவை விசாரித்தால்தான் எனக்குத் திருப்தி. இந்தக் கடிதம் பார்சலில் மேலாக இருக்கும், டப்பாவைத் தொடுவதற்கு முன் முழுதும் படி. உன் பெண்டாட்டி அதற்குள் பிரித்துப் போட்டிருந்தால் அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி.

போன மாதம் அவள், ரயிலில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி ஆகுது அத்தை, கையில வச்சு விளையாட பழைய கேமெல்லாம் போட்டு ஒரு பெட்டி செஞ்சு தர்றீங்களா என்று கேட்டாள். நீ பின்னாலிருந்து, அதெல்லாம் வேணாம்மா, வெடிச்சு கிடிச்சு வைக்கப்போகுது என்றது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆஸ்பத்திரி ஒர்க்‌ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் நோயாளிகளின் மெஷின்களைப் பிரித்து மாட்டிவிட்டு ரிட்டயர் ஆனவளிடம் இப்படிச் சொன்னால் ரோஷம் வராதா? அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, உள்ளங்கை அளவுத் திரை, எட்டு பட்டன், எல்லாம் அப்பாவின் சாப்பாட்டு டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. டப்பா போன கோபம் அவருக்கு இரண்டு நாள்தான், மூன்றாம் நாள் விளையாட உட்கார்ந்தவர் கூப்பிட்டால் ம் கொட்டுவதோடு சரி.

நீ பயந்தது முழுக்கத் தப்பில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை அடாப்டர் வயரையும் பேட்டரி வயரையும் நேராக ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன், கரண்ட் இருந்தால் அது, இல்லாவிட்டால் இது என்று என் நினைப்பு. கொஞ்ச நேரத்தில் பேட்டரி தலையணை மாதிரி உப்பிவிட்டது. பிடுங்கி மணல் வாளியில் போட்டு நானும் அப்பாவும் வெளியே கொண்டுபோய் வைத்தோம். லித்தியம் பேட்டரிக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது, கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொள்ளும், நடுவில் நின்று நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இப்போது உள்ளே இருக்கும் பச்சை சார்ஜிங் போர்டு. அடாப்டர் மாட்டியிருந்தால் கேம் அதில் ஓடும், பேட்டரி தனியாக சார்ஜ் ஆகும், அடாப்டரைப் பிடுங்கினால் கேம் பேட்டரிக்கு மாறும், இரண்டும் ஒன்றையொன்று நேரே தொடாது. சுவர்க் கரண்ட் டப்பாவுக்குள் வரவே கூடாது. அதை அடாப்டர் சுவரோடு நிறுத்திவிட்டு ஐந்து வோல்ட்டைத்தான் உள்ளே அனுப்பும், அதனால் நல்ல கடையில் நல்ல அடாப்டராக வாங்கு.

பார்சல் ஆபீஸில்தான் சிக்கல். கவுண்டரில் இருந்த பெண் பேட்டரியோடு வாங்கவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கழற்றிக் கொடுத்தேன். ஆகவே பேட்டரியை அங்கே வாங்கி இணைக்க வேண்டியது நீ. மருமகள் இல்லை, நீதான். பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதாகக் கேட்டு வாங்கு, அளவை மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சிவப்பு கறுப்பு நிறத்தை நம்பாதே, ஒவ்வொரு கம்பெனிக்காரனும் பிளக்கில் ஒவ்வொரு பக்கமாக வைக்கிறான், பிளஸ் எது என்று வோல்ட் மீட்டரில் பார்த்த பிறகே மாட்டு. வயரை வெட்ட வேண்டி வந்தால் இரண்டையும் சேர்த்து வெட்டிவிடாதே, கத்தரிக்கோலே இரண்டையும் இணைத்துவிடும், ஒன்றை வெட்டி டேப் சுற்றிவிட்டு அடுத்ததற்குப் போ. முதல் சார்ஜ் முடியும்வரை பீங்கான் தட்டில் வைத்துப் பக்கத்திலேயே இரு. சூடானாலோ உப்பினாலோ உடனே பிடுங்கு, குத்திக் கித்திப் பார்க்காதே.

என் கைக்கு இதெல்லாம் ஆகாது என்று இந்நேரம் முணுமுணுத்திருப்பாய். அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். உனக்குப் பதிமூன்று வயது, பக்கத்து வீட்டுக்காரரின் ரேடியோ நம் மேஜையில் பிரித்துக் கிடந்தது. ஒர்க்‌ஷாப் வழக்கம் உனக்கும் தெரியும், மெஷினைத் திறக்கிறவர் அதன் ஃபியூஸைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், அவர் திருப்பி மாட்டும்வரை வேறு யாரும் ஓட்ட முடியாது. ஃபியூஸ் இல்லையென்றால் கரண்ட் இல்லை என்று உன்னை ஒப்பிக்கவே வைத்திருக்கிறேன். நீ அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தாய், கரண்ட் தூக்கி எறிந்தது. ஓடி வந்த நான் கன்னத்தில் ஒன்று வைத்தேன். ஃபியூஸ் இல்லையேம்மா, பாத்துட்டுதாம்மா தொட்டேன் என்று அழுதாய். உன் கைக்கு இதெல்லாம் ஆகாது, இனிமே எதையும் தொடாதே என்றேன். அதற்குப் பிறகு நீ ஒரு பல்புகூட மாட்டியதில்லை.

நடந்தது இதுதான். ரேடியோவை முதலில் வேலை இடத்தில்தான் திறந்தேன், அதன் ஃபியூஸ் என் வேலைக் கோட்டின் பையோடு ஒர்க்‌ஷாப்பிலேயே தங்கிவிட்டது. ஒரு தடவை பாட வைத்துப் பார்ப்போமே என்று ஃபியூஸ் ஹோல்டருக்குப் பின்னால், ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு கம்பியை வைத்து இணைத்தேன், பிளக்கைக்கூடப் பிடுங்காமல் அடுப்பைப் பார்க்கப் போனேன். முன்னால் பார்த்தால் காலி, பின்னால் கரண்ட். அப்பா வருவதற்குள் கம்பியை எடுத்து ஒளித்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாக இதைச் சொல்ல வாய் வரவில்லை, வெட்கம்தான், வேறொன்றுமில்லை. அப்பாவிடம் இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன். நீ சரியாகத்தான் பார்த்தாய், உன் கைமேல் ஒரு தப்பும் இல்லை. என்னை மன்னித்துவிடு.

டப்பாவில் பேட்டரிக்குப் போகும் சிவப்பு வயரில் ஒரு ஃபியூஸ் ஹோல்டர் காலியாக இருக்கும். பின்னாலும் திருப்பிப் பார்த்துக்கொள், கம்பி ஒன்றும் இல்லை. அதன் ஃபியூஸை இந்த உறையின் மூலையில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பி, எல்லாம் முடிந்ததும் நீயே மாட்டு.

இருவரும் நோய்நொடி இல்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருங்கள். மீட்டர் இல்லாமல் தொடாதே. இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தால் நிமிர்ந்து பார்க்கச் சொல் அவளை.

உன் கையை நம்பும்,
அம்மா